ஏப்ரல் 15 வரை அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்

அமெரிக்காவில் சமய ஆய்வில் பிஎச்டி இடம் உதவித்தொகையோடு கிடைத்தால், ஏப்ரல் 15 வரை காத்திருந்து விண்ணப்பித்த மற்ற பல்கலைக்கழகங்களின் பதிலையும் பார்த்துவிடுங்கள். இந்தத் தேதி வரை மாணவர்களுக்கு அவகாசம் தருவதாக ஒப்புக்கொள்ளும் பொதுத் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தேதிக்கு முன் நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: தொகை 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? ஆய்வுக்குத் தேவையான சமஸ்கிருதமோ எபிரேயமோ பலர் படிப்பது கோடையில்தான். 9 மாதத் தொகை என்றால், அந்தக் கோடையின் 3 மாத வாடகை கையிலிருந்து போய் பெரிய தொகையும் சுருங்கிவிடும். நிச்சயம் போகப்போவதில்லை என்று தெரிந்த இடத்துக்கு மட்டும் உடனே மறுப்புச் சொல்லிவிடுங்கள்; காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். உதவித்தொகை இல்லாத அனுமதிக்கும் கையெழுத்திடாத பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தாது. அங்கே கடிதத்தில் உள்ள தேதிதான் கணக்கு.