திருகோணமலை வெயிலில் நிற்கும் காருக்கு டாஷ்கமரா

டச்பே பக்கம் காரை விட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போய் வருவதற்குள் பம்பரில் கீறல். ஓட்டோவா, டவுனுக்குள் திரியும் மானா? கமராதான் சொல்லும்.

வாங்கும்போது பிக்சல் கணக்கை அப்புறம் பாருங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பற்றரியா, சூப்பர் கப்பாசிட்டரா (கொஞ்ச மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) என்று முதலில் கேளுங்கள். கண்ணாடியோடு ஒட்டி வெயில் காய்கிற சாமானில் லித்தியம் ஊதிவிடும்; கப்பாசிட்டரே நல்லது. ஆனால் கடைசி வீடியோவைச் சேமித்து மூடும் அளவுக்குத்தான் அதில் தெம்பு. நிற்கிற நேரத்துக்கு மின்சாரம் காரிலிருந்துதான் வர வேண்டும்.

அதற்கு ஹார்ட்வயர் கிட், அதாவது கமராவைக் காரின் பியூஸ் பெட்டியோடு இணைக்கும் வயர் செட். மூன்று வயர். ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள பியூஸுக்கு, இன்னொன்று சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் பியூஸுக்கு. எயார்பாக் பியூஸைத் தொடவே வேண்டாம். மூன்றாவதான எர்த் வயரைக் காரின் இரும்பு பொடியில் (உடலில்) உள்ள போல்ற்றில் இறுக்குங்கள். நம்மூர் உப்புக்காற்றில் அது துருவேறியிருக்கும், பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

கார் பற்றரி இறங்கும்போது கமராவுக்கு மின்சாரத்தை நிறுத்தும் அளவுதான் கட்-ஓஃப்; கிட்டில் அதை நான் 12.2 வோல்ற்றில் வைத்திருக்கிறேன். 11.8 என்றால் காலையில் தள்ள ஆள் தேட வேண்டிவரும். பிரியஸ், அக்குவா மாதிரி ஹைபிரிட்டில் 12 வோல்ற் பற்றரி சிறியது, அதற்கு 12.4.

மெமரி கார்ட் ஹை எண்டியூரன்ஸ் வகை, அதாவது திரும்பத் திரும்பப் பதிவதைத் தாங்குவது. மலிவானதை வாங்காதீர்கள், சரியா?