குதிரைப் பட்டி வாசலில் சேறா? கல் கொட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

எங்கள் பட்டி வாசலைத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து நான்கு லாடங்கள் கிடைத்தன. நான்கும் எங்கள் குதிரை கறுப்பியுடையவை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒன்றோ இரண்டோ சேறு பிடுங்கிக்கொள்ளும். நானும் லாடம் அடிப்பவரை மறுபடி மறுபடி கூப்பிட்டுக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காசை முதலிலேயே வாசலில் போட்டிருக்கலாம்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் கேம்பர்டவுன் பக்கம். இரண்டே உருப்படிதான்: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கறுப்பி, அவளுக்குத் துணையாக ஒரு மட்டக்குதிரை. இங்கே கோடைதான் மழைக்காலம். அக்டோபரில் இடி மழை ஆரம்பித்தால் மார்ச் வரைக்கும் விடாது. எங்கள் நிலம் களிமண். காய்ந்தால் கடப்பாரை இறங்காது, நனைந்தால் செருப்பைக் காலோடு விடாது.

பட்டி முழுக்கப் புல் நன்றாக இருக்க, வாசலில் மட்டும் ஏன் உளை? குதிரைக்குக் கேட் என்றால் சாப்பாடு. தீவனம் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து நின்று மிதிக்க ஆரம்பித்துவிடும். 500 கிலோ எடையைத் தாங்குவது நான்கு சின்னக் குளம்புகள். ஈரக் களிமண்ணை அப்படி மிதித்துக் குழைத்தால் அதில் இருக்கும் துளையெல்லாம் அடைபட்டு, மேலே விழும் தண்ணீர் கீழே இறங்காது. சாணமும் சிந்திய வைக்கோலும் சேர்ந்துகொண்டால் முடிந்தது கதை.

லாடம் போவது சின்ன விஷயம். கால் தோல் வெடித்துப் புண்ணாகும், குளம்பின் அடி அழுகி நாறும். எங்கள் ஊரில் இன்னொரு பயமும் உண்டு. ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் பொடிப்பூச்சி, குலிகாய்டஸ், சாணம் கலந்த ஈர மண்ணில்தான் பெருகுகிறது. வாசலைக் காயவைத்தால் நோய் வராது என்று சொல்லமாட்டேன். தடுப்பூசியும் வேண்டும், பொழுது சாய்வதற்குள் குதிரையை லாயத்தில் அடைப்பதும் வேண்டும். ஆனால் லாயத்துக்குப் பத்தடி தூரத்தில் பூச்சிக்கு நாமே பண்ணை வைத்துக் கொடுக்க வேண்டாம், இல்லையா?

எப்போது செய்வது

மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள். என் கணக்கு இது: ஈஸ்டர் சமயம் இசிபிங்கோ மாரியம்மன் திருவிழா முடிந்ததும் ஆரம்பித்து, டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்குள் முடித்துவிட வேண்டும். மண் காய்ந்திருக்கும், ஆனால் இன்னும் பாறையாக இறுகியிருக்காது. 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஏதாவது வந்தால் தவிர, இந்தக் கணக்கு தப்பாது.

இப்போது மழையில் மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். வைக்கோலையும் தண்ணீர்த் தொட்டியையும் வாசலிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி, மேட்டுப் பக்கம் கொண்டு போங்கள். பாதி மிதி குறைந்துவிடும். சேற்றின் மேல் வைக்கோல், மரத்தூள் கொட்டாதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் தண்ணீரைக் குடித்து ஊறி, இருந்ததைவிட ஆழமான சேறாகும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். நான் நின்றபோது தெரிந்தது, வாசலுக்கு வரும் தண்ணீரில் பாதி என் லாயக் கூரையிலிருந்தே வருகிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். என் கூரை 60 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர், அத்தனையும் நேராக கேட்டுக்கு! தகரக் காவாய் மாட்டி, 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் விட்டேன். தொட்டி நிரம்பி வழிவதற்கும் தனிக் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்புங்கள். அதை விட்டால் செய்ததெல்லாம் வீண்.

மேட்டிலிருந்து வரும் தண்ணீருக்கு, வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் போதும். கேட்டே பள்ளத்தில் இருந்தால் அதை மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு கம்பம் நடுவதும் ஒரு லாரி கல்லும் ஒன்றா?

நான் சறுக்கிய இடம்

முதல் தடவை நேராகச் சேற்றின் மேலேயே கல் கொட்டினேன். வாடகைக்கு எடுத்த ஒரு டன் பக்கியில் (பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டி) ஐந்து நடை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கல் கீழே போய்விட்டது, சேறு மேலே வந்துவிட்டது. இந்தத் தப்பு எல்லோரும் செய்வதுதான். அதனால் இரண்டாம் தடவை ரொம்பப் புத்திசாலித்தனமாகக் குழி வெட்டி, துணி விரித்து, கல் நிரப்பி, திமிசு போட்டு, மேலே கல்தூளும் பரப்பினேன். பார்ப்பதற்குக் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

பெரியப்பா வந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கரும்புத் தோட்டத்தில் லாரி போகும் மண் சாலைகளைப் போட்டவர். கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குடா. தண்ணி எங்க போகும்?" என்றார்.

"கல்லுக்குள்ள இறங்கிடும் பெரியப்பா."

"இறங்கி?"

என்னிடம் பதில் இல்லை. நவம்பரில் முதல் பெரிய மழை பதில் சொன்னது. களிமண்ணில் குழி வெட்டினால் அது தொட்டி. தொட்டிக்குள் கல் போட்டாலும் தொட்டி தொட்டிதான். சுற்றி இருக்கிற தண்ணீரெல்லாம் வந்து அதில் நின்றது. குதிரை மிதிக்க மிதிக்க அடிக் களிமண் கூழாகிப் பக்கவாட்டில் பிதுங்கி வந்தது. நாளைக்கு வற்றும், நாளன்றைக்கு வற்றும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், டிசம்பர் வந்துவிட்டது.

அதனால், மண்வெட்டியை எடுப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழியின் அடியிலிருந்து தண்ணீர் வெளியேறி எந்த இடத்தில் வெட்டவெளிக்கு வரும்? கண்ணை நம்பாதீர்கள். மலைச்சரிவில் கண் ஏமாற்றும். நிலம் வலப்பக்கம் சாய்கிறது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். கொத்தனார்கள் பிடிக்கிற தண்ணீர் டியூப்பை வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. பத்து மீட்டர் டியூப், கொஞ்சம் தண்ணீர், மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள். இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. லேசர் மட்டமெல்லாம் இந்த வேலைக்கு ஆடம்பரம்.

கடைசியில் சரியாக வந்த என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் நிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குழி ஒரு ஓரத்தில் 25 சென்டிமீட்டர் ஆழம். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு வைத்ததால் நான்கு மீட்டர் தள்ளி மறு ஓரத்தில் 33. அந்த ஓரத்தில் 110 மில்லிமீட்டர் துளைக் குழாய் பதிக்க இன்னும் 12. ஆக 45. குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். 15 மீட்டருக்கு 15. அதாவது, குழாய் வெளியே வரும் இடம் வாசல் மட்டத்தைவிட 60 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும்.

அவ்வளவு தாழ்வு கிடைக்காத சமநிலமா? அப்படியானால் குழியே வெட்டாதீர்கள். சேற்றை மட்டும் வழித்துவிட்டு, நிலத்தின் மேலேயே துணி விரித்துக் கல்லை மேடாகக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தால் குதிரை பாட்டுக்கு ஏறி இறங்கும்.

இனி வேலை

சேற்றையும் சாணத்தையும் கெட்டி மண் தெரியும் வரை வழித்தெடுங்கள். தோண்டும் இடத்தில் தண்ணீர்க் குழாயோ மின் கம்பியோ போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள் (நான் பார்க்கவில்லை, அன்றைக்கு முழுக்க வீட்டில் தண்ணீர் இல்லை, வாங்கிய திட்டைச் சொல்ல வேண்டுமா?).

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் அகலத்துக்கு மட்டும் போட்டால் சேறு இரண்டடி தள்ளி உட்காரும், அவ்வளவுதான். என் கேட் 3.6 மீட்டர். நான் போட்டது நான்கு மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளம்; அதில் ஐந்து மீட்டர் பட்டிக்குள்ளே.

அடுத்து துணி. ஜியோ டெக்ஸ்டைல் என்பார்கள். இங்கே கடையில் பிடிம் என்று கேட்டால்தான் புரியும். கம்பளி போலத் தடித்த ரகமாக, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாமல் வாங்குங்கள். இது தண்ணீரை விடும், களிமண்ணை விடாது. கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் வேண்டவே வேண்டாம், அது தண்ணீரையும் விடாது. தோட்டத்தில் களைக்குப் போடும் மெல்லிய விரிப்பும் கல் கொட்டும்போதே கிழிந்துவிடும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டராவது ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும். ஓரங்களைக் குழியின் சுவரில் மேலே வரை ஏற்றிவிடுங்கள். குழாயையும் கல்லோடு சேர்த்து இதே துணியில் சுற்றிவிட்டால் அடைக்காது.

கல்: அடியில் 53 மில்லிமீட்டர் கல் 15 சென்டிமீட்டர், அதன் மேல் 19 மில்லிமீட்டர், நம் ஊர் முக்கால் ஜல்லி மாதிரியானது, 5 சென்டிமீட்டர். கடைசியில் கிரஷர் தூள், அதாவது கல்தூள், 5 சென்டிமீட்டர். உடைத்த கல்தான் வேண்டும்; ஆற்றுக் கூழாங்கல் உருண்டுகொண்டே இருக்கும், இறுகாது. 32 சதுர மீட்டருக்கு, இறுகும்போது குறைவதையும் சேர்த்து, எல்லாம் மொத்தமாகப் பத்து கன மீட்டர் ஆனது. எடை 15 டன் பக்கம் வரும். பக்கியில் அடிக்க நினைக்காதீர்கள், டிப்பர் லாரியே மலிவு. லாரியைத் துணி மேல் ஏற்றவிடாமல் ஓரத்தில் கொட்டச் சொல்லி, உள்ளே தள்ளிவிடுங்கள்.

அடிக் கல்லை இரண்டு தடவையாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் இறுக்க வேண்டும். திமிசுக் கட்டையால் 32 சதுர மீட்டரை இடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதிர்வு இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். தூளை லேசாக நனைத்து இறுக்கினால் சிமெண்ட் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். மேல் பரப்புக்கும் அதே சாய்வு வேண்டும், மறந்துவிடாதீர்கள். வாசலில் குதிரை சிந்தியதைப் பொறுக்கித் தின்னும் என்பதால் மேலே மணல் போட வேண்டாம். மணல் வயிற்றில் சேர்ந்தால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

சுரங்கங்களில் கழித்த கன்வேயர் பெல்ட்டை வாசலில் விரிப்பது இங்கே பலருக்குப் பழக்கம். எனக்குப் பிடிக்காது. நனைந்தால் வழுக்குகிறது; அடியில் என்ன நடக்கிறது என்று தூக்கிப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தரையில் பதிக்கும் பிளாஸ்டிக் கட்டப் பலகைகள் நல்லவைதான், விலைதான் கண்ணைக் கட்டுகிறது. அவற்றுக்கும் அடியில் இதே கல் படுகை வேண்டும்.

பிறகு சேர்த்தது

இதைச் செய்து பார்த்த சிலர் எழுதியதிலிருந்து:

மேடாகக் கட்டிய ஒருவருக்குக் கேட்டே திறக்கவில்லை. உண்மைதான், நான் சொல்ல மறந்துவிட்டேன். வேலை தொடங்கும் முன் கேட்டின் அடிக்கும் நிலத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். கேட்டின் கீலை ஏற்றி மாட்டுவது கல் கொட்டுவதற்கு முன்னால் அரை மணி நேர வேலை.

இன்னொருவர் தூள் போடாமல் ஜல்லியோடு நிறுத்திவிட்டார், குதிரை நொண்டுகிறதாம். லாடம் அடிக்காத குதிரைக்கு ஜல்லி குத்தும், குளம்பிலும் சிக்கும். தூளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மரச்சில்லு போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் மக்கி அதுவே சேறாகும். அதைவிட முக்கியம், மரம் வெட்டுபவர்கள் இலவசமாகக் கொட்டிவிட்டுப் போகும் சில்லில் என்னென்ன மரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நம் வீடுகளில் பூஜைக்கு அரளி இல்லாமல் இருக்காது. அது குதிரையைக் கொல்லும். அவகாடோவும் ஆகாது. எங்கும் முளைத்துக் கிடக்கிற சிரிங்காவும், அதாவது மலைவேம்பும், ஆகாது. என் வீட்டு அரளியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்பருத்தி வைத்துவிட்டேன்.

பராமரிப்பு அதிகம் இல்லை. சாணத்தை அன்றாடம் அள்ளுங்கள், அது தூளோடு கலந்தால் மறுபடி சேறுதான். வருடத்துக்கு ஒரு தடவை மேலே கொஞ்சம் தூள் தூவி இறுக்குகிறேன். அக்டோபருக்கு முன் குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள். போன வருஷம் என் குழாய்க்குள் ஒரு தவளைக் குடும்பம் இலை தழையோடு குடியிருந்தது. இப்போது வாயில் கம்பி வலை மாட்டியிருக்கிறேன்.