பழைய பைத்தானை முழுசா நீக்கிய அனுபவம்

பாளையங்கோட்டையில் படிக்கும் அக்கா மகளின் விண்டோஸ் லேப்டாப்பில், பைத்தான் என்ற நிரல்மொழியில் இந்தச் சிக்கல். "புதுசை எத்தனை வாட்டி போட்டாலும் பழைய பைத்தானே வந்து நிக்கு மாமா" என்றாள்.

கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் 'வேர் பைத்தான்' (where python) அடித்துப் பார்த்தேன். இதைப் பார்க்காமல் எதை அழித்தாலும் வீண் வேலைதான். எந்தெந்த ஃபோல்டரில் பைத்தான் இருக்கிறதென்று வரிசையாகக் காட்டும். மேலே இருப்பதே ஓடும். புரோகிராம்களை எங்கெங்கே தேடவேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் ஃபோல்டர் பட்டியல்தான் பாத். பழையது எல்லாப் பயனருக்குமாகப் போடப்பட்டு சிஸ்டம் பாத்தில் இருந்தது. புதியது அவள் கணக்கின் பாத்தில் மட்டும். விண்டோஸ் சிஸ்டம் பாத்தைத்தான் முதலில் தேடும். அப்புறம் புதியது எப்படி முந்தும்?

முதலில் 'பிப் ஃப்ரீஸ்' (pip freeze) கட்டளை தரும் பட்டியலை, அதாவது பைத்தானோடு சேர்த்துப் போட்டிருந்த பேக்கேஜ்கள் எனும் கூடுதல் நிரல் தொகுப்புகளின் பட்டியலை, ஒரு ஃபைலில் எடுத்து வைத்தேன். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள், படிக்கிற பிள்ளைகளின் புராஜெக்ட் அதை நம்பித்தான் இருக்கும். பிறகு இரண்டு பைத்தானையும் அன்இன்ஸ்டால் செய்து, பாத்தில் மிச்சமிருந்த வரிகளை நீக்கினேன். ஆப்களின் தகவல்கள் இருக்கும் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரில், ரோமிங் (Roaming) ஃபோல்டருக்குள் பழைய பேக்கேஜ்கள் அப்படியே கிடந்தன. அன்இன்ஸ்டால் அவற்றைத் தொடுவதில்லை. அதையும் அழித்தேன்.

மறுபடி போடும்போது 'ஆட் பைத்தான் டு பாத்' கட்டத்தில் டிக். சோதிக்கப் புது கமாண்ட் பிராம்ப்ட் திறக்கவேண்டும், ஏற்கெனவே திறந்திருப்பது பழைய பாத்தையே வைத்திருக்கும்.