ஹம்மிங் பறவைக்குச் சீனித் தண்ணீர்: வைப்பதும் பார்ப்பதும்

ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டில் மட்டுமே உண்டு. ஊரில் செம்பருத்தியில் தொற்றிக்கொண்டு தேன் குடிக்கும் தேன்சிட்டு வேறு குடும்பம். அது பெரும்பாலும் உட்கார்ந்து குடிக்கும், இது அந்தரத்தில் நின்று குடிக்கும். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு துண்டுக் கொல்லைப்புறமோ பால்கனியோ இருந்தால் போதும், ஃபீடரை (சீனித் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும், பறவை துளை வழியே குடிக்கும் கலம்) மாட்டி ஹம்மிங் பறவையை வரவழைப்பது சிரமமே இல்லை. வந்த பறவைக்குக் கெடுதல் செய்யாமல் இருப்பதுதான் வேலை. அதில் முக்கால் பங்கு கழுவுகிற வேலை.

எப்போது தொங்கவிடுவது

மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே முறையாகக் கூடு கட்டும் இனம் ஒன்றுதான், மாணிக்கக் கழுத்துள்ள ரூபி-த்ரோட்டட். குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே திரும்பும். எடை 3 கிராம்தான். ஆனால் பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவை, ஏறக்குறைய 800 கி.மீ. தூரத்தை, எங்கும் இறங்காமல் கடந்துவிடுகின்றன. ஹூஸ்டனில் மார்ச் நடுவில், அட்லாண்டாவில் மார்ச் கடைசியில், நியூ ஜெர்சியில் ஏப்ரல் பிற்பாதியில், டொராண்டோவில் மே முதல் வாரத்தில் எதிர்பார்க்கலாம். அதற்கு ஒரு வாரம் முன்பே ஃபீடர் வெளியே இருக்கட்டும். முதலில் வருபவை ஆண்கள். அந்த நேரத்தில் பூக்கள் அதிகம் இருக்காது என்பதால் கண்ணில் பட்ட ஃபீடரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

கலிபோர்னியாவிலிருந்து சியாட்டில், வான்கூவர் வரை மேற்குக் கரையில் அன்னாஸ் என்ற ஹம்மிங் பறவை இனம் ஆண்டு முழுக்க இருக்கும். அங்கே நாள் பார்க்கத் தேவையில்லை.

எந்த ஃபீடர்

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று கவிழ்த்த பாட்டில், மற்றொன்று மூடி போட்ட தட்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் தட்டு வகையையே வாங்கலாம். காரணம் இதுதான்: கவிழ்த்த பாட்டிலுக்குள் இருக்கும் காற்று வெயிலில் சூடாகி விரியும், விரிந்த காற்று சீனித் தண்ணீரைத் துளை வழியே வெளியே தள்ளும். பாட்டிலைக் குறைவாக நிரப்பினால் உள்ளே காற்று அதிகம், ஒழுக்கும் அதிகம். ஒழுகிய இடத்தில் எறும்பும் குளவியும் கூடும். தட்டு வகையில் திரவம் துளைக்குக் கீழே நிற்பதால் ஒழுகாது. ஹம்மிங் பறவையின் நாக்கு அவ்வளவு தூரம் எட்டும், தேனீயின் நாக்கு எட்டாது.

வாங்கும்போது வேறு இரண்டு விஷயம் பாருங்கள். முழுவதும் கழற்றி, எல்லா மூலையிலும் பிரஷ் போகிற மாதிரி இருக்க வேண்டும். வெளியில் சிவப்பு இருக்கலாம், மஞ்சள் இருக்கக் கூடாது, மஞ்சள் குளவியை இழுக்கும். மலிவான ஃபீடர்களில் துளையைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் பூ வைத்திருப்பார்கள். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

அளவு சிறியதே நல்லது. ஒரு பறவை ஒரு நாளில் தன் எடைக்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ குடித்தால்கூட அது சில கிராம்தான். தொடக்கத்தில் 60 மி.லி. ஊற்றினால் போதும். அரை லிட்டர் பாட்டிலை நிரப்பித் தொங்கவிட்டால் பெரும்பகுதி கெட்டுப்போகும். “இவ்வளவையும் கொட்டுவதா” என்று மனசு வராமல் இன்னும் இரண்டு நாள் விட்டுவைப்போம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சீனித் தண்ணீர்

ஒரு பங்கு வெள்ளைச் சீனி, நான்கு பங்கு தண்ணீர். எந்த டம்ளராக இருந்தாலும் இரண்டையும் அதிலேயே அளக்க வேண்டும். எடைக்கணக்கு வேண்டுமென்றால் 50 கிராம் சீனிக்கு 240 மி.லி. தண்ணீர். இதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரைச் சுட வைத்து, அடுப்பை அணைத்து, சீனியைப் போட்டுக் கலக்குங்கள். கொதிக்கவிட்டே ஆக வேண்டும் என்பதில்லை, சூட்டில் சீனி சீக்கிரம் கரையும் என்பதற்காகத்தான். ரொம்ப நேரம் கொதித்தால் தண்ணீர் வற்றி அளவு மாறிவிடும். நன்றாக ஆறிய பிறகே ஃபீடரில் ஊற்றுங்கள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

நம் வீடுகளில் ஒரு சபலம் உண்டு: வெள்ளைச் சீனி உடம்புக்கு ஆகாது, நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ கரைத்து வைப்போம் என்று. கூடாது. அவற்றில் இரும்புச் சத்து அதிகம், கூடுதல் இரும்பை வெளியேற்ற இந்தப் பறவைகளின் உடம்பால் ஆகாது. கடையில் விற்கும் பழுப்புச் சர்க்கரைக்கும், ஆர்கானிக் என்று பெயர் போட்ட மங்கலான சர்க்கரைக்கும் இதே தடைதான். தேன் தண்ணீரில் கலந்ததும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். பொடித்த ஐசிங் சர்க்கரையில் சோளமாவு இருக்கும். டயட் சர்க்கரையில் சத்தே இல்லை, வயிறு நிறைந்தும் பறவை பட்டினி கிடக்கும்.

சிவப்புச் சாயமும் வேண்டாம். பூவிலுள்ள தேனுக்கு நிறம் கிடையாது, பறவையை இழுக்க ஃபீடரின் சிவப்பு மூடியே போதும். கடைகளில் சிவப்பு நிறத்தில் பாட்டிலில் விற்கும் “நெக்டர்” பெரும்பாலும் சாயம் சேர்த்த சீனித் தண்ணீர்தான். காசுக்குக் கேடு.

மாற்றுவதும் கழுவுவதும்

பறவை குடித்ததோ இல்லையோ, நாள் கணக்குப்படி கொட்டி மாற்ற வேண்டும். வெயில் 32° செல்சியஸைத் தாண்டினால் தினமும். 27° ஒட்டி இருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை. 20° ஒட்டி இருந்தால் மூன்று, நான்கு நாள். அதற்கும் குளிரானால் ஐந்து நாள் வரை விடலாம். திரவம் கலங்கியிருந்தாலோ, நூல் மாதிரி ஏதாவது மிதந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ கணக்குப் பார்க்காமல் அப்போதே கொட்டுங்கள். ஈஸ்ட் சீனியைத் தின்று சாராயமாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வெந்நீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், மேலே மேலே ஊற்றக் கூடாது. துளைகளுக்கென்று மெல்லிய பிரஷ் தனியாகக் கிடைக்கும், அதையும் வாங்கிவிடுங்கள், பூஞ்சணம் ஒளிந்துகொள்வது அங்கேதான். வாரம் ஒரு முறை, நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து ஊறவைத்துத் தேய்க்கலாம். கரும்புள்ளிகள் தெரிந்தால் வினிகர் போதாது. 4 லிட்டர் தண்ணீரில் கால் கப் ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் மூழ்கவைத்து, வாடை போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு நிரப்புங்கள். வினிகரையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

ஒரே மாதிரி இரண்டு ஃபீடர் வாங்கி, ஒன்று வெளியே தொங்கும்போது மற்றது காய்கிற மாதிரி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

எங்கே

காலை வெயிலும் மதிய நிழலும் விழும் இடம் நல்லது. கண் உயரத்தில், சுமார் ஐந்தடியில் தொங்கவிட்டால் கழற்றவும் எளிது, பார்க்கவும் எளிது. பக்கத்தில் மூன்று நான்கு மீட்டரில் ஒரு மரமோ புதரோ இருக்கட்டும். பூனை பதுங்கும் அளவுக்குப் புதர் ஃபீடருக்கு நேர் கீழே இருக்கக் கூடாது.

கண்ணாடி ஜன்னல்தான் பெரிய ஆபத்து. ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். ஒட்டியிருந்தால் வேகம் பிடிக்கும் முன் மோதுவதால் அடி பலமாக விழாது. நடுத்தர தூரத்தில்தான் முழு வேகத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்புக்குள் பாயும்.

எறும்பு, குளவி, சண்டைக்காரன்

எறும்புக்கு அகழி போதும். ஃபீடருக்கு மேலே கொக்கியில் மாட்டும் சிறு கிண்ணம், உள்ளே வெறும் தண்ணீர். வெயிலில் தண்ணீர் வற்றினால் எறும்புக்குப் பாலம் போட்டாயிற்று, ஆகவே தினமும் ஒரு கண் வையுங்கள். கம்பியில் எண்ணெயோ வாசலினோ தடவும் யோசனை பல இடங்களில் சொல்லப்படும். அது இறகில் ஒட்டினால் பறவையால் சுத்தம் செய்துகொள்ள முடியாது.

குளவி கூடினால் ஃபீடரை இரண்டு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். பறவை உடனே கண்டுபிடித்துவிடும், குளவி பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். பூச்சிமருந்து பக்கத்திலேயே வரக் கூடாது. கோடைக் கடைசியில் ஃபீடர் மேல் பெரிய கும்பிடுபூச்சி உட்கார்ந்திருந்தால் எடுத்துத் தூரத்துச் செடியில் விடுங்கள். நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அது ஹம்மிங் பறவையையே பிடித்துத் தின்னும்.

ஒரே ஒரு பறவை மற்றதையெல்லாம் விரட்டிக்கொண்டே இருக்கும். பூவின் தேன் குறைவாகவே ஊறும் என்பதால் காவல் காப்பது அதன் பிழைப்பு. உங்கள் ஃபீடரில் அது வற்றாது என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கம், முதலாவது இருக்கும் இடத்திலிருந்து தெரியாதபடி மாட்டுங்கள். காவல்காரன் இரண்டையும் காக்க முடியாது.

பார்ப்பது

குடிக்கும் நேரம் சில நொடிதான், மிச்ச நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே கழியும். எனவே ஃபீடரைச் சுற்றியுள்ள காய்ந்த, இலையில்லாத நுனிக்கிளைகளைப் பாருங்கள். பிடித்த கிளை ஒன்று இருக்கும், திரும்பத் திரும்ப அங்கேயே வந்து உட்காரும். விடிந்ததும், இருட்டுவதற்கு முந்தைய அரை மணியும் வரத்து அதிகம், ஏனென்றால் இரவு முழுக்கப் பட்டினி.

ரூபி-த்ரோட்டட் ஆணின் கழுத்துச் சிவப்பு சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி தெறிப்பதால் வருவது. கோணம் தவறினால் வெறும் கறுப்பாகத் தெரியும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பெண்ணுக்குக் கழுத்து வெள்ளை, வால் நுனியிலும் வெள்ளை. ஆகஸ்ட்டில் வெள்ளைக் கழுத்தில் ஒன்றிரண்டு சிவப்பு இறகு மட்டும் தெரிந்தால் அது அந்த ஆண்டு பிறந்த ஆண்.

படம் எடுக்க ஒரு வழி: ஒரு துளையைத் தவிர மற்றவற்றை டேப் போட்டு மூடிவிட்டு, அந்தத் துளைக்கு முன்னே காற்றில் ஃபோகஸை நிறுத்திவையுங்கள். சிறகு நொடிக்குச் சுமார் 50 முறை அடிக்கும். கேமராவின் ஷட்டர் வேகம் 1/1000 நொடியானால் உடல் தெளிவாகி இறக்கை மங்கும், இறக்கையும் நிற்க வேண்டுமானால் 1/4000. படம் முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

குளிர்ந்த விடியலில் பறவை அசையாமல், சில சமயம் ஃபீடரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று தொடாதீர்கள். ஆற்றலை மிச்சம்பிடிக்க உடல் வெப்பத்தைத் தணித்துக்கொண்டு உறங்குகிறது, தெளிய அரை மணி ஆகலாம்.

கராஜ் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும். கதவைக் கையால் திறப்பதற்காக உள்ளே தொங்கும் அவசரக் கயிற்றின் சிவப்புக் கைப்பிடியைப் பூ என்று எண்ணுவதுதான் பெரும்பாலும் காரணம். அதில் கறுப்பு டேப் சுற்றிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் விளக்கை அணைத்து, கதவை முழுக்கத் திறந்து, வாசலில் ஃபீடரைத் தொங்கவிட்டு நகர்ந்துவிடுங்கள். துடைப்பத்தால் விரட்டினால் கூரைக்கே ஏறும், களைத்து விழும்.

சீனித் தண்ணீர் சாப்பாடு ஆகாது

அது எரிபொருள் மட்டுமே. புரதம் கொசு, சிறு ஈ, சிலந்தியிலிருந்து வருகிறது, குஞ்சுகள் வளர்வது அதில்தான். கூட்டை ஒட்டவும் சிலந்தி நூல்தான் வேண்டும். ஆகவே கொல்லையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், சிலந்தி வலையை எல்லா மூலையிலும் துடைக்காதீர்கள். கனிந்த வாழைப்பழத் தோலை ஃபீடருக்குச் சற்றுத் தள்ளி வலைப்பையில் தொங்கவிட்டால் பழ ஈ மொய்க்கும், பறவை அதைப் பிடிக்கும். பக்கத்து வீட்டாரின் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பகுதிக்குச் செடி: ஏப்ரல், மேயில் பூக்க ரெட் கொலம்பைன், பிறகு ட்ரம்பெட் ஹனிசக்கிள், கோடையில் பீ பாம், கார்டினல் ஃபிளவர். ஹனிசக்கிள் வாங்கும்போது ஜப்பானிய வகையைத் தவிருங்கள், அது காட்டை மூடிவிடும். தொட்டியில் வைத்த செம்பருத்திக்கும் பறவை வரும்.

கூட்டைக் கண்டால் தூரத்திலிருந்தே பாருங்கள். அதைக் கலைப்பதும் எடுப்பதும் அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டப்படி குற்றம்.

எப்போது எடுப்பது

ஃபீடர் இருந்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்பது தவறு. கிளம்பச் சொல்வது பகல் குறைவதுதான். கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து இரண்டு வாரம் விட்டுவையுங்கள், வடக்கிலிருந்து தாமதமாக வருபவைக்கு உதவும்.

சியாட்டில் பக்கம் குளிர்காலத்தில் வைப்பவர்கள், வெப்பம் 0°-க்குச் சற்றுக் கீழே போனாலே சீனித் தண்ணீர் உறையத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். இரவில் உள்ளே எடுத்து, விடியும் முன் வெளியே மாட்டுங்கள், அல்லது இரண்டு ஃபீடரை மாற்றி மாற்றி வையுங்கள். ஆரம்பித்துவிட்டுக் கடுங்குளிரில் நிறுத்துவது நல்லதல்ல.

நவம்பரில் நியூ ஜெர்சியிலோ பென்சில்வேனியாவிலோ ஒரு ஹம்மிங் பறவை வந்தால், அது ரூபி-த்ரோட்டட்டாக இல்லாமல் மேற்கிலிருந்து வந்த ரூஃபஸ் என்ற இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபீடரை எடுக்காதீர்கள். வால் விரிந்த நிலையில் ஒரு படம் எடுத்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்ணையும் இளசையும் இனம் பிரிக்க அந்த வால் இறகுகளின் வடிவத்தைத்தான் பார்ப்பார்கள்.