ஷாங்காயில் இரண்டாண்டு வேலை: புதிதாக வருபவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

ஷாங்காய்க்கு ஓரிரு ஆண்டுகள் வேலை நிமித்தம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, இங்கே காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு, அந்த வரிசையைக் கலைக்காதீர்கள் என்பதுதான். ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் வாழும் இந்த நகரத்தில் வீடு, வங்கி, கடைகளில் பணம் செலுத்துதல், மருத்துவமனை, ரயில் பயணச்சீட்டு ஆகிய எல்லாமே உங்கள் கடவுச்சீட்டில் உள்ள பெயர், உங்கள் கைபேசி எண் என்னும் இரண்டு முளைகளில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டையும் ஒழுங்காக ஊன்றிவிட்டால் மற்றவை எளிதில் முடியும். ஊன்றாமல் விட்டால் ஒரு வாரத்து வேலைக்கு ஒரு மாதம் அலைய நேரிடும்.

விசாவிலிருந்து தொடங்குவோம். வேலை செய்ய வருபவர்களுக்குப் பொதுவாக உரியது இசட் வகை விசாதான். சில நிறுவனங்கள், அவசரத்தின் பேரில், எம் என்னும் வணிக விசாவில் ஆளை அனுப்பிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வதுண்டு, அதற்கு உடன்படாதீர்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் நுழையலாம் என்றாலும், அந்தச் சலுகையும் வேலைக்குப் பொருந்தாது. அனுமதியின்றி வேலை செய்வது கண்டறியப்பட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. அதைச் செலுத்த வேண்டியவர் உங்கள் மேலாளர் அல்லர், நீங்கள். பட்டச் சான்றிதழுக்கான சான்றொப்பம் முதலியவற்றை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், ஏனெனில் இங்கிருந்தபடி அவற்றை முடிப்பது பெரும்பாடு. இசட் விசாவில் நுழைந்தவர் 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பரிசீலிக்கும் நாட்களில் கடவுச்சீட்டு அலுவலகத்திலேயே இருக்கும், உங்கள் கையில் ஒரு ரசீது மட்டுமே இருக்கும். ஆகவே முதல் மாதத்தில் வெளிநாட்டுப் பயணம் எதையும் திட்டமிட வேண்டாம்.

இனி பெயர். நம்மவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லாததால், ஒருவர் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக நிற்கும்; இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும்; மூன்றாமவருக்கு முதலெழுத்து விரிந்து ஊர்ப் பெயரும் சேர்ந்து ஒரு வரி முழுவதும் நீளும். சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்பவர்கள் என்பதால், அலுவலகத்தில் முதல் மூன்று மாதங்கள் என்னை என் அப்பா பெயரால்தான் அழைத்தார்கள். அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். சிரிக்க முடியாதது வேறொன்று நடந்தது. கைபேசிக் கடையில் என் பெயரை இரண்டு சொற்களுக்கிடையே இடம் விட்டுப் பதிந்தார்கள்; வங்கியில் இடம் விடாமல் ஒரே சொல்லாகப் பதிந்தார்கள். கணினிக்கு அவர்கள் இரு வேறு மனிதர்கள். அந்த ஓர் இடைவெளிக்காக மூன்று முறை வங்கிக்குப் போய், ஒவ்வொரு முறையும் வரிசை எண் எடுத்துக் காத்திருந்தேன். எனவே எந்த முகப்பில் பெயர் பதியப்பட்டாலும், கையெழுத்திடும் முன் திரையைக் காட்டச் சொல்லி, கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துகளும் வரிசையும் இடைவெளியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குடியிருப்பு அனுமதி, வேலை அனுமதி, கைபேசி, வங்கி ஆகிய நான்கிலும் ஒரே வடிவம் இருக்க வேண்டும்.

வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல்துறையிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். விடுதியில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கினால் பொறுப்பு உங்களுடையது. பகுதிக் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம், ஷாங்காயில் இணையவழியாகவும் பதியலாம். தவறினால் எச்சரிக்கையும் 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் குடியிருப்பு அனுமதி விண்ணப்பம் நகராது என்பதே. வீடு மாறினாலும், புதிய கடவுச்சீட்டு வாங்கினாலும் மீண்டும் பதிய வேண்டும்.

மறுநாளே கைபேசி இணைப்பு வாங்கிவிடுங்கள். சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் ஆகிய மூன்றில் எதுவாயினும், கடவுச்சீட்டுடன் நேரில் சென்றால் கிடைக்கும். கூகுள், ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் இந்த நாட்டு இணைய இணைப்பில் திறக்காது. ஊர் சிம்மின் ரோமிங் தரவு ஊரிலுள்ள நிறுவனத்தின் வழியாகவே செல்வதால் அதில் இவை இயங்கும். வந்த புதிதில் அதுதான் உயிர்நாடி. அந்த சிம்மை எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடாதீர்கள். உங்கள் இந்திய வங்கியின் ஒருமுறைக் கடவெண் அந்த எண்ணுக்குத்தான் வரும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சீனாவில் பேசுவது முதல் பணம் செலுத்துவது வரை எல்லாவற்றுக்கும் தேவைப்படும் வீச்சாட், இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடை செய்யப்பட்ட செயலிகளில் ஒன்று. கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருபவர்கள் கணக்கைத் திறந்து சரிபார்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து வருபவர் இங்கே வந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. புதுக் கணக்கை ஏற்கெனவே பயன்படுத்தும் ஒருவர் உறுதிசெய்ய வேண்டியிருக்கலாம் என்பதால், அலுவலகத்தில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊரிலுள்ள பெற்றோருடன் பேச வீச்சாட் உதவாது என்பதையும் புறப்படும் முன்பே அவர்களிடம் விளக்கிவிடுவது நல்லது. இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் அம்மா என்ன நினைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, காய்கறிக்காரரும் தெருவோர வாத்தியக்காரரும்கூட ஒரு கியூஆர் அட்டையை வைத்திருக்கும் ஊர் இது. அலிபே என்னும் பணச் செயலியிலும் வீச்சாட்டிலும் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் வெளிநாட்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேற்பட்டால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்ததும் அதை இணைத்துவிட்டால் இந்தக் கவலை நீங்கும். அதுவரைக்கும் ஓராயிரம் யுவான் ரொக்கம் கையில் இருக்கட்டும். ரொக்கத்தை மறுப்பது சட்டப்படி தவறு என்பதால் வாங்கிக்கொள்வார்கள். சில்லறைதான் தேட வேண்டியிருக்கும்.

வீடு பார்க்கும்போது அலுவலகத்துக்கு மெட்ரோ வழியில் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் முதன்மையாகக் கொள்ளுங்கள். ஹுவாங்பூ ஆற்றுக்கு மேற்கே பூஷி, கிழக்கே பூடோங். மென்பொருள், சிப் நிறுவனங்கள் நிறைந்த ஜாங்ஜியாங் பூடோங்கில் இருக்கிறது. அங்கே வேலை என்றால், இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் 2ஆம் வழித்தடத்தை ஒட்டி வீடு எடுப்பது வசதி. ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்து ஒரே தவணையில் கொடுப்பது இங்கே வழக்கம். தரகுக் கூலி தனி. ஆக, நான்கு மாத வாடகைக்கு மேல் கையில் இல்லாமல் வீடு பேச முடியாது என்பதை நிறுவனத்திடம் முன்பணம் கேட்கும்போதே நினைவில் வையுங்கள். வீட்டுக்காரரின் சொத்துச் சான்று நகலையும், காவல் பதிவுக்கு ஒத்துழைப்பார் என்ற வாக்குறுதியையும் வாங்கிய பின்பே பணம் கொடுங்கள். நிறுவனம் வாடகையைத் திருப்பித் தருவதாக இருந்தால் 'ஃபாப்பியாவ்' எனப்படும் வரி ரசீது தேவைப்படும்; சிலர் அதைக் கேட்டதும் வாடகையை உயர்த்துவார்கள். பழைய குடியிருப்புகளில் ஆறு மாடி வரை மின்தூக்கி இருக்காது என்பதை, 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும்போதுதான் நான் உணர்ந்தேன்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. பெய்ஜிங்கில் வெளியே உறைந்தாலும் வீட்டுக்குள் மைய வெப்பமூட்டல் உண்டு. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே அந்த ஏற்பாடு இல்லை. ஷாங்காய் தெற்கில் சேர்ந்தது. சனவரியில் ஈரக் குளிர் எலும்புக்குள் இறங்கும், வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டையோடுதான் இருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் பிளம் பழுக்கும் காலத்து மழை வரும். தோல் காலணி, பெல்ட், ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுப் புடவை எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

சமையலைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வந்தவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியவை. மின்னழுத்தம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ நம் ஊரைப் போலவே என்பதால் மிக்சியைத் தாராளமாகக் கொண்டுவரலாம். முளை மட்டும் பொருந்தாது, மாற்றி வேண்டும். குக்கர் கொண்டுவருவதானால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, பால் பொருட்கள் சுங்கத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட சாம்பார்ப் பொடி, பெருங்காயம், புளி போதும். காய்கறிச் சந்தையில் கத்தரி, வெண்டை, பாகல், பீர்க்கு, சாம்பல் பூசணி அனைத்தும் கிடைக்கும். முருங்கைக்குத்தான் ஏங்க வேண்டும். இங்கே இயல்பாக விற்பது குட்டையான, ஒட்டும் அரிசி; சாதம் உதிரியாக வர வேண்டுமானால் 'சியான்மீ' என்று கேளுங்கள், அல்லது தாய்லாந்து அரிசி வாங்குங்கள். கடலை எண்ணெய் எங்கும் உண்டு. எள்ளெண்ணெயில் மட்டும் கவனம்: இங்கே எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள், நிறம் கறுப்பு, மணம் காரமானது. அதை நல்லெண்ணெய் என்று நம்பி நான் புளிக்குழம்பு தாளித்தேன். குழம்பு முழுவதும் கருகிய எள்ளுருண்டை வாசம், கொட்டிவிட்டுத் தயிர்ச் சாதம் சாப்பிட்டோம். தயிரிலும் பெரும்பாலானவை இனிப்புத் தயிர்தான். சர்க்கரை இல்லாதது என்பதற்கு 'வூ தாங்' என்ற இரண்டு எழுத்துகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியில் தேடுங்கள்.

மரக்கறி உண்பவர்கள் உணவகத்தில் 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்வது போதாது. கத்தரிக்காயிலும் டோஃபுவிலும் தூவும் பன்றிக் கொத்துக்கறியைச் சிலர் இறைச்சியாகவே கணக்கிடுவதில்லை, எலும்புச் சாற்றைச் சொல்லவே வேண்டாம். 'வொ ச்சி சூ', அதாவது நான் மரக்கறி உண்பவன் என்று சொன்னால் பௌத்த விரதம் என்று புரிந்துகொள்வார்கள். 1922இல் தொடங்கப்பட்டு, இப்போது நான்ஜிங் மேற்குச் சாலையில் இயங்கும் கொங்தேலின் முழு மரக்கறி உணவகம். யூஃபோ கோயிலின் மரக்கறி நூடுல்ஸும் மலிவு, நிறைவு. ஹலால் தேவைப்படுவோருக்கு லான்ஜோ நூடுல்ஸ் கடைகளில் பெரும்பாலானவை கைகொடுக்கும். 'சிங்ஜென்' என்ற பலகையைப் பார்த்து நுழையுங்கள்.

குப்பை விஷயத்தை எளிதாக எண்ணாதீர்கள். 2019 ஜூலை 1 முதல் ஷாங்காயில் நான்கு வகையாகப் பிரித்துப் போடுவது கட்டாயம்: ஈரம், உலர், மறுசுழற்சி, நச்சு. பல குடியிருப்புகளில் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில்தான் தொட்டிகள் திறந்திருக்கும். அருகில் ஓர் 'ஆயி' நிற்பார். நம் ஊரில் தாயைக் குறித்த இந்தச் சொல்லால் இங்கே அத்தை வயதுப் பெண்களை அழைக்கிறார்கள், அந்த உரிமையோடுதான் திட்டவும் செய்கிறார்கள். ஈரக் குப்பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அது இருந்த பையை உலர் தொட்டியில் தனியாகப் போட வேண்டும். துருவிய தேங்காயின் சக்கை ஈரம். தேங்காய் ஓடு உலர். பன்றி தின்பது ஈரம், பன்றியும் தின்னாதது உலர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கைக் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. தவறினால் தனிநபருக்கு 200 யுவான் வரை அபராதம்.

நகருக்குள் 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மெட்ரோவே போதும். கடைசி ரயில் இரவு பதினொன்றை ஒட்டிப் போய்விடும். கூகுள் வரைபடம் இங்கே தெருவைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அதை விட்டுவிட்டுக் காவ்தே வரைபடத்தைப் பழகுங்கள். உள்நாட்டு விமானத்தில், சீனத் தரச்சான்றான '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் 28 முதல் அனுமதிப்பதில்லை. ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் வாரத்திலும், வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டிலும் நாடே நகரும். அந்த விடுமுறைகளுக்கு ஈடாக ஒரு சனியோ ஞாயிறோ வேலை நாளாகும் என்பதை அலுவலக நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். காவல் 110, தீயணைப்பு 119, மருத்துவ ஊர்தி 120. விசா ஐயங்களுக்கு 12367இல் ஆங்கிலத்தில் பேசலாம். கடவுச்சீட்டு எப்போதும் உடன் இருக்க வேண்டும்.

சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வரி செலுத்திய சான்றும் வேலை ஒப்பந்தமும் வங்கியில் கேட்பார்கள். மாதச் சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேமித்து வையுங்கள். ஓர் ஆண்டில் 183 நாட்கள் தங்கினால் வரிக்கணக்கில் இந்நாட்டு வாசி ஆவீர்கள். ஆண்டுக் கணக்கை மறு ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை முடிக்கலாம். திரும்பும்போது, வேலை அனுமதி ரத்தானதற்கான சான்றை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பங்காகச் சேர்ந்த தொகையையும் விண்ணப்பித்துப் பெறலாம். வீட்டு முன்பணம், வங்கி மீதி, இந்தத் தொகை ஆகிய மூன்றும் கைக்கு வரும் வரை கைபேசி எண்ணை மட்டும் ரத்து செய்யாதீர்கள். அவை வந்து சேர்ந்த செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.