குளிரூட்டியில் வாயு நிரப்பும் முன் கசிவைப் பாருங்கள்

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் குளிரூட்டி சரியாகக் குளிரவில்லை என்றதும், "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பிவிடலாம்" என்று பழுதுபார்ப்பவர் சொல்வதும் நாம் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவதால், அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். பல குளிரூட்டிகளில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறு ஆண்டு காலத்தில் அது ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குகிறது. வேறு சில குளிரூட்டிகளில் உள்ள ஆர்-32 வாயுவுக்கு அந்த அளவு சுமார் 675 கிலோ. ஆகவே கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். பழைய குளிரூட்டியைக் கழற்றும்போதும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்கக் கேளுங்கள். கூடுதல் கூலி கேட்டால் கொடுக்கலாம், தவறில்லை.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கிடைப்பதால், வெப்பநிலையை 18 டிகிரிக்குப் பதில் 24 அல்லது 25இல் வைத்து, மின்விசிறியையும் சுழலவிடுவது நல்லது. ஆளை அழைக்கும் முன் வடிகட்டியை ஒருமுறை கழற்றிக் கழுவிப் பாருங்கள். குளிர்ச்சி குறைவதற்குப் பல நேரங்களில் அதில் படிந்த தூசியே காரணமாக இருக்கும்.