உங்கள் நிலத்துக்கு ஆதிவாசி சூழல் குழுவை அழைக்கும் முன்

“முப்பது ஏக்கர்ல உண்ணிச்செடி எடுக்கணும், எத்தனை ஆள் அனுப்புவீங்க?” எங்களுக்கு வரும் ஃபோன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உண்ணிச்செடி என்பது லாண்டானா, வெளியிலிருந்து வந்து நிலத்தை மூடிவிடும் புதர். ஆள் அனுப்பும் மேஸ்திரிகள் கோத்தகிரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டால் நாளைக்கே வேன் வந்துவிடும். எங்கள் வேலை வேறு. இந்த இடம் முன்னே எப்படி இருந்தது, எதனால் கெட்டது, எதை எடுத்தால் அடுத்து எது முளைக்கும், எதைத் தொடவே கூடாது என்று நடந்து பார்த்துச் சொல்வோம். கொத்தும் கத்தியும் அதற்கு அப்புறம்தான். எஸ்டேட்காரர்கள், பள்ளிக்கூடங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று இப்போது பலரும் எங்களைப் போன்ற குழுக்களைத் தேடுவதால், எப்படி அழைக்க வேண்டும், எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். திரும்பத் திரும்ப ஃபோனில் சொல்லி என் தொண்டை போய்விட்டது.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் இருளர் பெண், ஊர் நீலகிரியின் கிழக்குச் சரிவில். தாவரவியல் படித்தேன். கொட்டேஷன், பில், அறிக்கை எல்லாம் என் பொறுப்பு. அதனால் ஃபோனில் நான்தான் பேசுவேன். அதை வைத்து நான்தான் நிபுணர் என்று நினைத்துவிட வேண்டாம். முடிவு சொல்வது இரண்டு பேர். செடி, கிழங்கு, மண் என்றால் என் பெரியம்மா. மரம், தேனீ, விலங்கு நடமாட்டம் என்றால் குறும்பர் மாமா ஒருவர். பாறைத் தேன் எடுத்த கை அவருடையது. மேப் போடுவது, ஜிபிஎஸ் புள்ளி எடுப்பது தம்பியின் வேலை. நிலத்துக்கு வரும்போது தம்பி கையில் கருவி இருப்பதைப் பார்த்து எல்லோரும் அவனிடமே கேள்வி கேட்பார்கள். பெரியம்மாவைக் கேளுங்கள். அவர் பதில் சொல்ல நேரம் எடுப்பார், பொறுங்கள்.

இன்னொன்று: பாம்பு பிடிக்க எங்களைக் கூப்பிட வேண்டாம். இருளர் என்றதும் எல்லோருக்கும் பாம்புதான் ஞாபகம் வருகிறது. பாம்பு பிடிப்பவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்துச் சமவெளி இருளர். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம், மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விடுகிறவர்கள். நாங்கள் மலை இருளர், பேசும் மொழியே வேறு. ஆனால் சம்பளப் பேச்சு வரும்போது நான் அவர்கள் கதையைத்தான் எடுப்பேன். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வனவிலங்குத் துறை, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் வரவழைத்தது. முதல் எட்டு நாளில் 13 பாம்புகள், அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. பாம்பு போன தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றுதான் கூப்பிட்டார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே திறமைக்கு நம் ஊரில் நூறு நாள் வேலை ரேட் பேசுவார்கள்.

சரி, அழைப்பதற்கு வருவோம்.

ஃபோன் செய்யும்போது தீர்வைச் சொல்லாமல் பிரச்சினையைச் சொல்லுங்கள். “உண்ணிச்செடி எடுக்கணும்” என்பது தீர்வு. “பத்து வருஷத்துக்கு முன்னே இங்கே ஊற்று இருந்தது, இப்போ வற்றிவிட்டது”, “மாடு மேய்ந்த புல்வெளி மூடிப்போச்சு”, “யானை இந்த வழியை விட்டுவிட்டு லைன் வீட்டுப் பக்கம் வருது” இவையெல்லாம் பிரச்சினை. ஊற்று வற்றியதற்கு உண்ணிச்செடியைவிட மேலே நட்ட கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காரணமாக இருக்கலாம். அதை எங்கள் ஆட்கள் சொல்ல இடம் வேண்டும்.

அடுத்தது முதல் நடை. இதற்குத் தனியாகக் கட்டணம் உண்டு, எங்கள் கொட்டேஷனில் முதல் வரியே அதுதான். “சும்மா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க” என்று கேட்டால் வர மாட்டோம். பார்ப்பதுதானே வேலை! டாக்டரிடம் போய் “ஊசி போட்டால்தான் காசு, நாடி பார்த்ததற்கு இல்லை” என்று யாராவது சொல்வார்களா?

நடைக்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும். நில உரிமையாளர் ஒருவரும், அந்த இடத்தில் பல வருஷம் வேலை செய்த ஒருவரும் கூட வந்தால் போதும். கூட்டம் வேண்டாம், டிரோன் வேண்டாம். பெரியம்மா எப்படிப் பார்ப்பார் என்று சொல்கிறேன். புதரைப் பார்க்க மாட்டார், புதருக்கு உள்ளே குனிந்து பார்ப்பார். உண்ணிச்செடிக்கு அடியில் புல் வேர் இன்னும் உயிரோடு இருக்கிறதா, நெல்லிக் கன்றோ நாவல் கன்றோ வெளிச்சத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறதா என்று கையால் விலக்கிப் பார்ப்பார். இருந்தால் அங்கே நாற்று வாங்கி நட வேண்டிய செலவே இல்லை, மூடியிருப்பதை எடுத்தால் போதும். உள்ளே வெறும் மண்தான் என்றால் கதை வேறு. எடுத்த வேகத்தில் பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துவிடும், அதனால் புல்விதை கையில் இல்லாமல் அங்கே கை வைக்கக் கூடாது. மாமா இதற்குள் சாணம், குளம்படி, மரத்தில் உரசிய சேறு எல்லாம் பார்த்து, காட்டுமாடு எங்கே படுக்கிறது, கரடி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அந்தப் புதரை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்வார். உரிமையாளர்களுக்கு இங்கேதான் கோபம் வரும்: “காசு குடுத்து வரச் சொன்னா, பாதியை எடுக்காதேன்னு சொல்றாங்களே!” ஆமாம், அதற்குத்தான் காசு.

இது வெறும் வயசானவர்கள் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்குக் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடிகளின் கதையைச் சொல்வேன். கோடையின் ஆரம்பத்தில் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பது அவர்கள் வழக்கம். 1974இல் சரணாலயமான பிறகு அது நிறுத்தப்பட்டது. தீ நின்றதால் உண்ணிச்செடி பெருகும், நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிறகு அங்கே வேலை செய்த ஆய்வாளர்கள் எழுதியதும் கிட்டத்தட்ட அதையேதான். அதற்காக உங்கள் எஸ்டேட்டில் நீங்களே தீ வைத்துவிடாதீர்கள். கேஸ் ஆகும், காடும் போகும்.

இப்போது ஒப்பந்தம். இதில் அவசரப்படாதீர்கள், நாங்களும் பட மாட்டோம். பணத்தைவிட முக்கியமான வரி அறிவு பற்றியது. நடையில் எங்கள் ஆட்கள் சொல்லும் மருந்துச் செடி, கிழங்கு இருக்கும் இடம், தேன் பாறை, கோயில் காடு இவையெல்லாம் உங்கள் நிலத்தைச் சரிசெய்ய மட்டும் பயன்பட வேண்டும். ஊரைக் கேட்காமல் கட்டுரையிலோ, மேப்பிலோ, பொருளிலோ போகக் கூடாது என்று எழுதுங்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(k), பல்லுயிர் சார்ந்த மரபறிவில் சமூகத்துக்கு உள்ள உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டால், அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடிகளைப் பாருங்கள். 1987இல் திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள் ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். களைத்துப்போன ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை. அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது, 1995இல் ஒரு கம்பெனிக்கு உரிமம் போனது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பணத்தை வாங்க அவர்களுக்கு ஒரு டிரஸ்ட் பதிவானது 1997இல்தான். உலகம் முழுக்கப் பாராட்டிய ஏற்பாடு அது, நானும் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: காய் கைமாறி, பணம் வாங்க ஓர் அமைப்பு உருவாவதற்குள் பத்து வருஷம். எங்களுக்கு அந்தக் காகிதம் நடைக்கு முன்னாலேயே வேண்டும்.

இரண்டாவது வரி, பெயர். அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரியம்மா, மாமா பெயர்கள் ஆசிரியர்களாக வர வேண்டும். வெளியூர் ஆலோசனை நிறுவனம் ஒன்று எங்கள் செடிப் பட்டியல் முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் ‘உள்ளூர் உதவியாளர்கள்’ என்று ஒரு வரி போட்டது. பெயர்கூட இல்லை. அதிலிருந்து இந்த நிபந்தனை.

மூன்றாவது, குச்சி. எடுத்த உண்ணிச்செடித் தண்டு யாருக்கு என்று எழுதுங்கள். சிரிக்காதீர்கள். கூடலூர்ப் பக்கம் பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் அதே தண்டை வளைத்து ஆள் உயரத்துக்கும் மேலான யானைகள் செய்து, 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. நாற்காலியும் செய்யலாம்.

பணம்: முன்பணம் மூன்றில் ஒரு பங்கு, மீதி வேலை நடக்க நடக்க. டிடிஎஸ் பிடித்தால் சான்றிதழ் அனுப்புங்கள். வயசானவர்களுக்குச் செக் வேண்டாம்.

அனுமதிகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, உங்கள் வக்கீல் சொல்வார். பட்டா நிலம்தானே என்று மரத்தில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். நீலகிரியில் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டமும், மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த சீகை மரத்தை (வாட்டில்) வெட்டவும் முதலில் விசாரிக்க வேண்டும். புதருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இனி வேலை. உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் காசு தண்டம். ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டாகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், காய் பழுக்கும் முன், இரண்டு பேராக இறங்க வேண்டும். ஒருவர் நீளக் கழியால் புதரைத் தூக்கிப் பிடிப்பார். மற்றவர் அடியில் மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேரும் முட்டுக்குக் கீழே, மண்ணுக்குள் நாலைந்து சென்டிமீட்டர் இறங்கி, ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்டுவார். துளிர்ப்பது அந்த முட்டிலிருந்துதான், அது வெளியே வந்தாக வேண்டும். பிறகு புதரை அப்படியே தலைகீழாகப் புரட்டி வேர் வானத்தைப் பார்க்க வைத்துவிடுவோம். தண்டு மண்ணில் பட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி.ஆர்.பாபு என்ற பேராசிரியர் இந்த முறையை எழுதிப் பரப்பியிருக்கிறார். ஜேசிபி கேட்காதீர்கள், அது மேல்மண்ணைப் புரட்டி, தூங்கும் விதையை எல்லாம் எழுப்பிவிடும்.

சரிவாக இருந்தால் மொத்தமாக எடுக்க மாட்டோம். குறுக்குப் பட்டையாக ஒன்று விட்டு ஒன்று எடுத்து, புல் பிடித்த பிறகு அடுத்த பட்டை. இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மண் முழுக்கக் கீழே வந்துவிடும்.

எல்லோரும் தவறவிடும் செலவு ஒன்று உண்டு: மூன்று வருஷம் திரும்ப வருவது. சின்னானும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டு மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும், அதனால் நாற்று மரத்தடியில்தான் கூட்டமாக முளைக்கும். மழைக்கு அப்புறம் மரம் மரமாகப் போய்க் கையால் பிடுங்கினால் ஒரு காலை நேர வேலை. விட்டால் பழைய குருடி கதவைத் திறடிதான். இதை முதல் கொட்டேஷனிலேயே சேர்த்துக் கேளுங்கள். சேர்க்காத குழுவை நம்பாதீர்கள், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அறிக்கை தமிழில்தான் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஊரில் பெரியவர்கள் முன்னால் உரக்கப் படிப்பேன், அவர்கள் திருத்துவார்கள், அதனால் ஒரு வாரம் கூடுதலாகும். கோடையில் தேன் காலம் வந்துவிட்டால் மாமா யாருக்கும் கிடைக்க மாட்டார். மார்ச்சுக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். ஃபோன் எடுக்கவில்லை என்றால் பிரச்சினையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லி அனுப்புங்கள். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போகும்போது கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.